மண்பாதைக்கு எந்த டயர், எந்த ரிம்?

வாசகர் கேள்வி – பதில்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது ஜோகூர் பக்கம் போய்ச் செம்பனைத் தோட்டத்து மண்பாதைகளிலும் காட்டோரத் தடங்களிலும் வாகனம் ஓட்ட விரும்பும் வாசகர்களின் கடிதங்கள் கூடிவிடுகின்றன. இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை டயர் அளவையும் ரிம் அளவையும் பற்றியவை என்பதால், ஒன்றுபோல் இருந்த கடிதங்களைச் சேர்த்து, பெயர்களை விட்டு, வட்டாரத்தை மட்டும் குறிப்பிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் சுசுகி ஜிம்னி இருக்கிறது. அதனுடன் வந்த டயர் 195/80 ஆர் 15. பட்டறையில் 235/75 ஆர் 15 போடச் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர் 215/75 ஆர் 15 போதும் என்கிறார். வாரநாள்களில் வேலைக்கு விரைவுச்சாலையில் செல்கிறேன். எப்போதாவது கோத்தா திங்கி பக்கம் மண்பாதையில் ஓட்டுவேன். எதைத் தேர்ந்தெடுப்பது? (ஈசூன்)

பதில்: உங்கள் பயன்பாட்டுக்கு நண்பர் சொல்வதே பொருந்தும். ஏன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

டயரின் பக்கத்தில் உள்ள முதல் எண் அதன் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைச் சொல்கிறது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆகவே 195/80 ஆர் 15 டயரின் பக்கச்சுவர் 195இல் 80 விழுக்காடு, அதாவது 156 மில்லிமீட்டர். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 381 மில்லிமீட்டர் ரிம் எனக் கூட்டினால் முழு விட்டம் 693 மில்லிமீட்டர். இதே கணக்கில் 215/75 ஆர் 15இன் விட்டம் ஏறத்தாழ 704 மில்லிமீட்டர். 235/75 ஆர் 15இன் விட்டம் ஏறத்தாழ 734 மில்லிமீட்டர். முன்னது உங்கள் பழைய டயரைவிட 1.5 விழுக்காடு பெரியது, பின்னது 5.8 விழுக்காடு பெரியது.

விட்டம் கூடுவதில் பாதியளவுதான் வாகனம் உயரும். எனவே 215 டயரால் 5 மில்லிமீட்டரும் 235 டயரால் 20 மில்லிமீட்டரும் உயரம் கிடைக்கும். அந்த 20 மில்லிமீட்டரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஜிம்னியின் முன்னச்சும் பின்னச்சும் ஒரே உருளையாக அமைந்தவை; அவற்றின் நடுவே தொங்கும் டிஃபரென்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) குடம்தான் பாறையிலும் மண்மேட்டிலும் முதலில் இடிக்கும். சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் அந்தக் குடம் அதே உயரத்தில்தான் இருக்கும். அதை உயர்த்தக்கூடியது டயரின் விட்டம் மட்டுமே. பெரிய டயர் கேட்பவர்களின் ஆசைக்கு இந்த நியாயம் உண்டு.

ஆனால் அந்த 20 மில்லிமீட்டருக்கு நீங்கள் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். டயர் 5.8 விழுக்காடு பெரிதானால் எல்லா கியர்களும் ஏறக்குறைய அதே அளவுக்கு நீண்டுவிடும், அதாவது சக்கரத்தில் இழுவிசை குறையும். 1.5 லிட்டர், 102 குதிரைத்திறன், 130 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொண்ட இயந்திரத்தில் இதை ஒவ்வொரு மேட்டிலும் உணர்வீர்கள். கனமான சக்கரத்தைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் உழைப்பு தேவைப்படுவதால் எரிபொருளும் கூடும்; பிரேக் பிடிக்கும் தொலைவும் நீளும். வேகமானியின் முள் துல்லியமானது என்று வைத்துக்கொண்டால், அது 90 காட்டும்போது உங்கள் உண்மையான வேகம் 95ஐத் தாண்டியிருக்கும். 90 கிலோமீட்டர் வரம்புள்ள விரைவுச்சாலையில் இது சிறிய செய்தி அல்ல. சக்கரத்தை முழுவதுமாகத் திருப்பி, ஒரு பக்கச் சஸ்பென்ஷன் அழுந்தும் நேரத்தில் டயர் முன்பம்பரின் கீழ்ப்பகுதியில் உரசவும் கூடும்.

பலர் பார்க்கத் தவறும் ஒன்றும் இதில் இருக்கிறது. ஒவ்வொரு டயருக்கும் அது பொருந்தக்கூடிய ரிம் அகலத்தைத் தயாரிப்பாளர்கள் வரையறுத்திருக்கிறார்கள். ஜிம்னியுடன் வரும் ரிம்மின் அகலம் 5.5 அங்குலம். 215/75 ஆர் 15 டயருக்கு 5.5 முதல் 7 அங்குல ரிம் பொருந்தும்; 235/75 ஆர் 15 டயருக்கோ குறைந்தது 6 அங்குலம் வேண்டும். ஆகவே பட்டறை சொல்வதைக் கேட்டால் டயரோடு ரிம்மையும் மாற்றியாக வேண்டும். இப்போதுள்ள ரிம்மிலேயே அதை மாட்டித் தருவதாக யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குறுகிய ரிம்மில் இறுக்கப்பட்ட அகல டயரின் மிதிப்பரப்பு நடுவில் புடைத்து, வளைவுகளில் பக்கச்சுவர் தள்ளாடும்.

கேள்வி: ஜீப் ராங்ளர் சஹாரா வைத்திருக்கிறேன், 18 அங்குல ரிம். தோற்றத்துக்காக 20 அங்குலம் போட நினைத்தேன். மண்பாதைக்கு 17 அங்குலம்தான் நல்லது என்று என் மைத்துனர் தடுக்கிறார். சிறிய ரிம் எப்படி நல்லதாக இருக்க முடியும்? (பொங்கோல்)

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது சரி. அதற்கான சான்று உங்கள் வாகனத்தின் குடும்பத்திலேயே இருக்கிறது. சஹாராவில் வரும் 255/70 ஆர் 18 டயரின் விட்டம் 814 மில்லிமீட்டர். கரடுமுரடான பாதைக்கென்றே உருவாக்கப்பட்ட ரூபிகானுக்குப் பல நாடுகளில் கொடுக்கப்படும் 255/75 ஆர் 17 டயரின் விட்டமும் அதே 814 மில்லிமீட்டர்தான். வெளியளவு மாறவில்லை, ரிம்மை ஓர் அங்குலம் சிறிதாக்கி, அந்த இடத்தைப் பக்கச்சுவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். சஹாராவில் 178 மில்லிமீட்டராக இருக்கும் பக்கச்சுவர் ரூபிகானில் 191 மில்லிமீட்டர்.

மண்பாதையில் வேலை செய்வது அந்தப் பக்கச்சுவர்தான். கூரான கல்லின் மேல் ஏறும்போது டயர் அதைச் சுற்றி வளைந்துகொடுக்கிறது. காற்றைக் குறைத்தால் தட்டையாகி நீண்ட தடம் பதிக்கிறது. குழியில் விழும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே தாங்கி நிற்கிறது. 20 அங்குல ரிம் போட்டு வெளியளவை மாற்றாமல் வைத்தால் பக்கச்சுவர் 153 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். காற்றைக் குறைக்க இடமிருக்காது. ஒரு குழி போதும், ரிம் வளைந்துவிடும். காட்டுக்குள் வளைந்த அலாய் ரிம்மை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ரிம்மை எந்த அளவுக்குச் சிறிதாக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பிரேக். காலிப்பருக்கும் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) ரிம்மின் உட்பக்கத்துக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும். அதே இயந்திரமும் அதே பிரேக்கும் கொண்ட உங்கள் மாடலுக்கு உற்பத்தியாளர் தரும் மிகச் சிறிய ரிம் எதுவோ, அதையே உங்கள் இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ரிம்மைத் தோற்றத்துக்காக விரும்புவதில் தவறில்லை. ஆனால் அந்த வாகனத்தைத் தார்ச்சாலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சேற்றில் புதையாமல் இருக்க அகலமான டயர் வேண்டும் என்கிறார்கள். பழைய லேண்ட்ரோவர்களில் ஒடுக்கமான டயர்களைத்தான் பார்த்திருக்கிறேன். எது உண்மை? (சுவா சூ காங்)

பதில்: இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அளவைப் பற்றிய பெரும்பாலான குழப்பங்கள் இதில்தான் தொடங்குகின்றன.

டயர் தரையில் பதிக்கும் தடத்தின் பரப்பு முதன்மையாக இரண்டைப் பொறுத்தது: சக்கரத்தின் மேல் இறங்கும் எடை, உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம். பக்கச்சுவரின் விறைப்பால் சற்று வேறுபாடு இருந்தாலும், எடையை அழுத்தத்தால் வகுத்தால் பரப்பு ஏறத்தாழக் கிடைத்துவிடும். ஆட்களும் சாமான்களும் சேர்த்து 1,300 கிலோகிராம் எடையுள்ள ஒரு சிறிய நான்கு சக்கர இயக்க வாகனத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சக்கரத்திலும் 325 கிலோகிராம். அழுத்தம் 26 பிஎஸ்ஐ என்றால் தடத்தின் பரப்பு ஏறத்தாழ 178 சதுர சென்டிமீட்டர். அதே டயரில் காற்றை 16 பிஎஸ்ஐக்கு இறக்கினால் பரப்பு 289 சதுர சென்டிமீட்டராகிறது. புதிதாக ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காமல் 60 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் தடம் கிடைத்துவிட்டது. அகலமான டயரை வாங்கி அதே 26 பிஎஸ்ஐயில் ஓட்டினாலோ, பரப்பு ஏறக்குறைய அதே 178தான்; அதன் வடிவம் மட்டும் குறுக்கே அகன்று, நீளத்தில் குறுகிவிடும். காற்றைக் குறைக்கும்போது தடம் பெரும்பாலும் நீளவாக்கில் வளர்கிறது. பிடிமானத்துக்கு அந்த நீளமே உதவுகிறது.

அப்படியானால் அகலத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, எந்த நிலத்தில் ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்து. ஆழமான மணலில் அடியில் கெட்டியான தரை கிடையாது. அங்கே மிதந்துதான் போக வேண்டும், அகலமும் குறைந்த அழுத்தமும் கைகொடுக்கும். ஜோகூர்ச் செம்மண் பாதைகளில் மழைக்குப் பின் நிலைமை வேறு. மேலே வழுக்கும் களிமண் படலம், அதன் கீழே பல ஆண்டுகளாக லாரிகள் ஓடி இறுகிய தரை. அங்கே ஒடுக்கமான டயர் மேற்படலத்தைக் கத்திபோல் கிழித்து அடித்தரையைப் பிடிக்கும். அகலமான டயர் அந்தப் படலத்தின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். பழைய லேண்ட்ரோவர்களின் ஒடுக்கமான, உயரமான டயர்களுக்கு இந்த நியாயம் பொருந்தும். நம்மவர்கள் பெரும்பாலும் ஓட்டுவது செம்மண்ணில் என்பதால், உயரத்தைச் சற்றுக் கூட்டுங்கள், அகலத்தைக் கூடுமானவரை கூட்டாதீர்கள் என்பதே என் கருத்து.

காற்றைக் குறைப்பதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. இறுகிய சரளைப் பாதைக்கு, கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவிலிருந்து கால்பங்கு குறைத்தால் போதும். சேற்றுக்கும் மணலுக்கும் வாகனத்தின் எடையைப் பொறுத்து 16 முதல் 20 பிஎஸ்ஐ வரை இறங்கலாம். 15க்குக் கீழே போனால், திடீரென்று திருப்பும்போது டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளும் அபாயம் இருக்கிறது. விளிம்பைப் பூட்டும் சிறப்பு ரிம் இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். குறைத்த காற்றில் மெதுவாகவே ஓட்டுங்கள். பக்கச்சுவர் விரைவில் சூடாகிவிடும். இங்கிருந்து நெடுந்தொலைவு ஓட்டிப் போய் இறங்கியவுடன் அளந்தால், டயர் சூடாக இருப்பதால் அளவுமானி சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தார்ச்சாலைக்குத் திரும்புமுன் மீண்டும் காற்றடித்தே ஆக வேண்டும். ஆகவே பெரிய டயருக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் நல்ல காற்றடிக்கும் கருவி ஒன்றும் துல்லியமான அளவுமானி ஒன்றும் வாங்குங்கள். இதை என்னால் எவ்வளவு அழுத்திச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் வாகனங்களில் 35 அங்குலத்துக்கும் மேற்பட்ட டயர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்குப் பொருந்துவது நமக்கு ஏன் பொருந்தாது? (உட்லண்ட்ஸ்)

பதில்: மலேசியாவில் 1997இல் தொடங்கிய அந்தப் போட்டி மழைக்காலத்தில் வேண்டுமென்றே நடத்தப்படுவது. அதில் இறங்கும் வாகனங்களில் அச்சின் கியர் விகிதம், டிஃபரென்ஷியல் பூட்டு, புதைந்த வாகனத்தை இழுக்கும் வின்ச், சஸ்பென்ஷன், சக்கர வளைவு என எல்லாமே அந்த டயருக்கேற்ப மாற்றப்பட்டிருக்கும். டயரை மட்டும் எடுத்துவந்து நம் வாகனத்தில் மாட்டினால் அச்சுத்தண்டுகளும் பேரிங்குகளும்தான் முதலில் பழுதாகும்.

கேள்வி: சேற்றுக்கான எம்டி டயரா, எல்லாப் பாதைக்குமான ஏடி டயரா? (செங்காங்)

பதில்: ஏடி. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. உங்கள் வாகனம் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நனைந்த தார்ச்சாலையில்தான் கழிக்கப்போகிறது. எம்டி டயரின் பெரிய கட்டிகளும் அகன்ற இடைவெளிகளும் சேற்றை உதறித் தள்ளுவதற்காக அமைந்தவை. அதே காரணத்தால் தார்ச்சாலையைத் தொடும் ரப்பர் குறைவு, ஈரத்தில் பிரேக் பிடிக்கும் தொலைவு அதிகம், இரைச்சலும் அதிகம். ஏடி டயர் களிமண்ணில் விரைவில் அடைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். மழை பெய்து ஓய்ந்த தோட்டப் பாதையில் நான்கு டயர்களும் செம்மண் பூசிய உருளைகளாகிவிடும். அந்த நிலையில் மேலும் முன்னே போகாமல், காய்ந்த தடம் வழியாகத் திரும்பிவிடுவது நல்லது. தோட்டத்துக்குள் நுழையத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும், வனக்காப்பகமாக இருந்தால் வனத்துறையின் அனுமதியும் வேண்டும் என்பதால், பாதையைக் குழப்பிவிட்டு வருவது அடுத்து வருபவர்களுக்கும் வாசலை அடைத்துவிடும்.

கேள்வி: என்னுடையது சுபாரு ஃபாரஸ்டர், 225/55 ஆர் 18. இதற்கும் ஏதாவது செய்ய முடியுமா, அல்லது ஆசையை விட்டுவிட வேண்டுமா? (தெம்பனிஸ்)

பதில்: விட்டுவிட வேண்டாம். இதே வாகனம் 225/60 ஆர் 17 டயரோடும் விற்கப்பட்டிருக்கிறது; உங்கள் மாடலின் பிரேக்குக்கு 17 அங்குல ரிம் பொருந்துமா என்பதை முகவரிடம் உறுதிசெய்துகொண்டு அதற்கு மாறினால் வெளியளவு 705லிருந்து 702 மில்லிமீட்டராக, ஏறக்குறைய மாறாமலே இருக்கும்; பக்கச்சுவரோ 124இலிருந்து 135 மில்லிமீட்டராக உயரும். அதில் ஏடி வகை டயர் போட்டால் காய்ந்த செம்மண் பாதைக்கும் சரளைக்கும் தாராளமாகப் போதும். 225/65 ஆர் 17 போட்டால் பக்கச்சுவர் 146 மில்லிமீட்டர் ஆகும், விட்டமும் 2.8 விழுக்காடு கூடும். ஆனால் சஸ்பென்ஷன் தூணுக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதை உங்கள் வாகனத்திலேயே மாட்டிப் பார்க்காமல் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்களுக்கு வேறோர் எச்சரிக்கை மிகவும் தேவை. எப்போதும் நான்கு சக்கரங்களும் இயங்கும் வாகனம் உங்களுடையது. நான்கு டயர்களின் சுற்றளவும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று தேய்ந்தவை, ஒன்று புதியது என்று ஓட்டினால், அச்சுகளுக்கிடையே விசையைப் பகிரும் கிளட்ச் ஓய்வின்றி நழுவிச் சூடாகி, டயரின் விலையைவிடப் பல மடங்கு செலவை இழுத்துவிடும். ஒரே பிராண்டு, ஒரே மாடல், ஒரே நேரத்தில் நான்கு என்று வாங்குங்கள். முன்பின் இடமாற்றத்தையும் தவறாமல் செய்யுங்கள்.

கேள்வி: டொயோட்டா ஹைலக்ஸ் வைத்திருக்கிறேன். இணையச் சந்தையில் ஒருவர் மிட்சுபிஷி டிரைட்டனின் ரிம்களை மலிவாகத் தருகிறார்; இரண்டுக்கும் ஆறு துளைகள்தான். இன்னொரு கடையில் ‘ஜீரோ ஆஃப்செட்’ உள்ள 17×8.5 ரிம்மைக் காட்டுகிறார்கள். பார்க்க மிக நன்றாக இருக்கிறது. எது பொருந்தும்? (ஜூரோங் வெஸ்ட்)

பதில்: முதலாவது மாட்டவே முடியாது. இரண்டாவது மாட்டலாம், ஆனால் நீங்கள் மாட்டக் கூடாது.

இரு வாகனங்களிலும் ஆறு துளைகளும் 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்தவை என்பது சரிதான். ஆனால் ரிம்மின் நடுவே ஹப் (சக்கரம் மாட்டப்படும் அச்சுமுனைக் குடம்) நுழையும் துளை ஹைலக்ஸுக்கு 106.1 மில்லிமீட்டர், டிரைட்டனுக்கு 67.1 மில்லிமீட்டர். டிரைட்டன் ரிம் உங்கள் ஹப்பின் மேல் அமராது. ஃபோர்டு ரேஞ்சர் ரிம்மும் அப்படித்தான். ஆறு துளை, அதே வட்டம், நடுத்துளை மட்டும் 93.1. துளையைக் கடைந்து பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். பாரம் ஏற்றும் வாகனத்தில் ரிம்மின் வலிமையோடு விளையாடக் கூடாது. எதிர்த் திசையில், பெரிய நடுத்துளை உள்ள ரிம்மைச் சிறிய ஹப்பில் மாட்டுவதென்றால் இடைவெளியை நிரப்பும் சரியான அளவு வளையம் வேண்டும். இல்லையெனில் சக்கரம் நடுவில் அமராமல் வேகத்தில் அதிரும்.

அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்போடு ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே அது. 17×7.5 அளவிலான (விட்டம் 17, அகலம் 7.5 அங்குலம்) ஹைலக்ஸ் ரிம்மில் ஒட்டும் முகம் நடுக்கோட்டிலிருந்து 30 மில்லிமீட்டர் வெளிப்புறமாக இருக்கிறது. இதைத்தான் கூட்டல் 30 என்பார்கள். பூஜ்யத்துக்குப் போனால் சக்கரம் முழுவதும் 30 மில்லிமீட்டர் வெளியே நகரும். அகலமும் ஓர் அங்குலம் கூடுவதால் அதில் பாதி, ஏறத்தாழ 13 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் சேரும். மொத்தம் ஒவ்வொரு பக்கமும் 43 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும். பேரிங்கின் மேல் நெம்புவிசை கூடும், ஸ்டியரிங் கனக்கும், குழியில் இடித்தால் சக்கரம் கையை இழுக்கும், திருப்பும்போது டயர் பின்மூலையில் உரசும். வாகனத்தின் உடலுக்கு வெளியே டயர் துருத்திக்கொண்டிருந்தால் சோதனை நிலையத்திலும் சிக்கல்தான். சரக்கு வாகனமாகப் பதிவான பிக்கப்புகள் கார்களைவிட அடிக்கடி சோதனைக்குச் செல்ல வேண்டியவை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரித்திருக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற்றுச் செய்ய வேண்டியவை, செய்யவே கூடாதவை. நீங்கள் நினைக்கும் மாற்றம் எதில் வருகிறது என்பதைக் கடைக்காரரிடம் கேட்காமல் ஆணையத்தின் இணையத்தளத்திலேயே பார்த்துவிட்டு, காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்துமூலம் தெரிவித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஹைலக்ஸுக்கு என் பரிந்துரை, இருக்கும் 17 அங்குல ரிம்மிலேயே 265/65 டயருக்குப் பதில் 265/70 போடுவது. விட்டம் 776இலிருந்து 803 மில்லிமீட்டராக உயரும். 3.4 விழுக்காடுதான்; அகலம் மாறவில்லை; ரிம்மும் பொருந்தும். அதுவே அந்த ரிம்மில் நான் போகத் துணியும் எல்லை.

கேள்வி: ஜோகூர் பாருவில் டயர் மலிவு என்பதால் அங்கே வாங்க நினைக்கிறேன். அளவைத் தவிர வேறென்ன பார்க்க வேண்டும்? (புக்கிட் பாத்தோக்)

பதில்: அளவுக்குப் பின்னால் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண் அந்த டயர் தாங்கும் எடைக்கான குறியீடு: 96 என்றால் 710 கிலோகிராம், 104 என்றால் 900, 112 என்றால் 1,120. எழுத்து வேகத்துக்கானது: கியூ என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர், எஸ் என்றால் 180, டி என்றால் 190. உங்கள் வாகனத்துடன் வந்த டயரின் எடைக் குறியீட்டுக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள். அளவு சரியாக இருந்து இந்த எண் குறைந்திருக்கும் டயர்கள் கடைகளில் உண்டு.

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. மலிவு விலையில் கிடைப்பது கிடங்கில் பல ஆண்டுகள் கிடந்த டயராகவும் இருக்கலாம். நம் வெயிலில் ரப்பர் இறுகிப்போகும், பள்ளம் ஆழமாக இருந்தும் ஈரத்தில் பிடிக்காது. நான்கிலும் அந்த இலக்கங்களைக் குனிந்து நீங்களே படித்த பிறகு மாட்டச் சொல்லுங்கள். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் போதும். மண்பாதைக்கு அந்த அளவை எட்டும் வரை காத்திருப்பது முறையல்ல. சிலர் எடை தாங்கும் என்று எல்டி வகை (இலகு லாரிகளுக்கான) டயரைச் சிறிய வாகனத்துக்கும் வாங்கிவிடுகிறார்கள். அதன் பக்கச்சுவர் தடித்தது, கல்லுக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் கனமானது, அதே எடையைத் தாங்கக் கூடுதல் காற்று வேண்டும், இலகுவான வாகனத்தில் குதித்துக்கொண்டே போகும். பாரம் ஏற்றும் பிக்கப்புக்கு அது சரி, ஜிம்னிக்குத் தேவையில்லை.

கேள்வி: நான்கு டயர்களையும் சற்றுப் பெரிதாக மாற்றிவிட்டேன். ஸ்பேர் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. அப்படியே விடலாமா? (ஈசூன்)

பதில்: ஐந்தாவதையும் மாற்றிவிடுவதே சரி. வசதிப்படும்வரை பழையதை வைத்துக்கொள்வதென்றால், ஃபாரஸ்டர் போன்ற எப்போதும் நான்கு சக்கர இயக்கத்தில் உள்ள வாகனங்களில் அதை மாட்டி நெடுந்தொலைவு ஓட்டக் கூடாது. ஜிம்னி போலத் தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களை இணைக்கும் வாகனமென்றால், பின்சக்கரம் பஞ்சரானாலும் முன்னாலிருந்து நல்ல டயர் ஒன்றைக் கழற்றிப் பின்னால் மாட்டி, சிறிய ஸ்பேரை முன்னால் போட்டு, இரு சக்கர இயக்கத்திலேயே மெதுவாக வெளியே வாருங்கள். அளவு வேறுபட்ட டயர்களோடு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்கு ஏறிவிடும்.

பெரிய டயரை ஜிம்னியின் பின்கதவில் தொங்கவிடுவதானால், கதவின் கீல் அந்தக் கூடுதல் எடையைத் தாங்குகிறதா, பின்விளக்கையும் எண்பலகையையும் டயர் மறைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரிம்மும் மாறியிருந்தால் நட்டும் மாறியிருக்கும். பழைய நட்டின் அடிப்பாகம் புதிய ரிம்மின் இருக்கைக்குப் பொருந்தாமல் போகலாம். புதிய நட்டுகள் ஒடுக்கமான குழிக்குள் அமர்பவையாக இருந்தால், வாகனத்துடன் வந்த ஸ்பேனர் உள்ளே நுழையாது. மாட்டிய பின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய வாரம், வீட்டு வாகன நிறுத்துமிடத்திலேயே ஜாக்கைப் போட்டு, உங்கள் கையாலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஜாக்கின் உயரம் பெரிய டயருக்கு எட்டவில்லை என்றால், அடியில் வைக்கக் கெட்டியான பலகை ஒன்றையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.